லுபான் ஜாவியும் நறுமண அமிலங்களும்

வேதியியல் பயிலும் மாணவர் எவரும் பென்சீன் என்ற சொல்லைச் சந்திக்காமல் இருக்க முடியாது. ஆறு கார்பன் அணுக்கள் வளையமாகக் கைகோத்து நிற்கும் சேர்மம் அது. இன்று மருந்துக் கடைகளில் விற்கப்படும் மருந்துகளில் மிகப் பலவற்றின் உள்ளே அந்த வளையம் இருக்கிறது. அதன் பெயர் ஐரோப்பிய மொழி எதிலும் பிறந்ததன்று. சுமத்ராத் தீவில் கிடைத்த ஒரு பிசினுக்கு அரபு வணிகர்கள் இட்ட 'லுபான் ஜாவி' என்ற பெயரே நூற்றாண்டுகள் பலவற்றின் வாய்களில் உருண்டு தேய்ந்து பென்சீன் ஆயிற்று. நம் இல்லங்களில் வெள்ளிக்கிழமை மாலைகளில் கனலில் இடப்படும் சாம்பிராணியும் அப்பிசின்தான். (இன்று கடைகளில் அப்பெயரில் விற்பவை பெரும்பாலும் பல பிசின்களின் கலவை என்பது வேறு செய்தி.)

லுபான் என்ற சொல் லாம், பா, நூன் என்னும் மூன்று வேரெழுத்துக்களைக் கொண்டது. பாலைக் குறிக்கும் லபன் என்ற சொல்லும் இவ்வேரினதே. மரத்தில் கீறலிட்டால் பால் போல் வெண்மையாக வடிந்து இறுகுவதால் அப்பெயர் அமைந்தது. ஜாவி என்பது ஜாவாவைச் சார்ந்தது எனப் பொருள்படும். அன்றைய அரபியர் ஜாவா என்றபோது சுமத்ராவையும் சேர்த்தே குறித்தனர். இச்சொல் மத்தியதரைக் கடலைக் கடந்து கத்தலான், இத்தாலிய மொழிகளை அடைந்தபோது ஒரு விபத்து நேர்ந்தது. அம்மொழியினர் முதலிலிருந்த 'லு' என்பதைத் தங்கள் மொழியின் சுட்டிடைச்சொல் என்று எண்ணி விலக்கிவிட்டனர். எஞ்சிய 'பான் ஜாவி' பெஞ்சோயி என்றும் பின்னர் பென்சாயின் என்றும் திரிந்தது. அல்குஹூல், அல்கலீ போன்ற சொற்களில் விலக்கத்தக்க 'அல்' என்பதைத் தம் மொழிகளில் அப்படியே சேர்த்துக் கொண்டவர்கள், இங்கோ விலக்கக் கூடாத வேரெழுத்தையே விலக்கிவிட்டனர். ஸர்ஃப் பாடத்தின் முதல் மாதத்திலிருக்கும் மாணவனும் இதைக் கண்டு புன்னகைப்பான். பென்சீன் என்ற சொல், தன் 'ஃபா கலிமா'வை இழந்த சொல்.

இப்னு பத்தூத்தா 1345-46ஆம் ஆண்டுகளின் வாக்கில் சுமத்ராவின் ஸமுத்ரா நகரில் இறங்கினார். அங்கு ஆட்சி செய்த சுல்தான் அல்மலிக்குழ் ழாஹிர் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர் என்றும் ஃபிக்ஹு விவாதங்களில் ஆர்வம் மிக்கவர் என்றும் பதிவு செய்யும் அவர், லுபான் ஜாவி என்ற பெயர் அத்தீவைக் கொண்டே அமைந்தது என்பதையும் தெளிவாகக் குறிப்பிடுகிறார். ஆனால் மரத்தைப் பற்றிய அவரது வருணனை பொருந்தவில்லை. ஆளுயரமோ அதற்கும் குறைவோ உள்ள சிறு மரம் என்கிறார். உண்மையில் அது நன்கு ஓங்கி வளரும் மரம். துறைமுகத்தில் சரக்கைக் கண்டவர் மலைக்காட்டில் மரத்தைக் கண்டிருக்க வேண்டும் என்பதில்லை. அத்தீவின் மேற்குக் கரையில் கற்பூரத்துக்கும் லுபானுக்கும் பெயர் பெற்ற துறைமுகம் பாரூஸ். அரபு நூல்கள் ஃபன்ஸூர் என்று சுட்டுவது அதனையே. அதனை அடுத்த லோபு துவாவில் ஐநூற்றுவர் வணிகக் குழுவினர் 1088ஆம் ஆண்டில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. எனவே இச்சரக்கின் பாதையில் தமிழகக் கரையின் வணிகர்களும் இப்னு பத்தூத்தாவுக்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே நடமாடியிருக்கின்றனர்.

ஐரோப்பாவில் லுபான் ஜாவி அரசர்க்குரிய அன்பளிப்பாக மதிக்கப்பட்டது. 1461ஆம் ஆண்டில் எகிப்தின் மம்லூக் சுல்தான் வெனிஸ் நகரத் தலைவருக்கு அனுப்பிய பரிசுப் பொருள்களில் அகில் கட்டை, பீங்கான் கலங்கள், கம்பளங்கள் ஆகியவற்றோடு இப்பிசினும் இடம் பெற்றது. பதினாறாம் நூற்றாண்டில், இதனை மெல்லச் சூடேற்றினால் எழும் ஆவி குளிர்ந்த மூடியில் பனித்தூள் போன்ற வெண்படிகங்களாக ஒட்டிக் கொள்வதை அங்குள்ளோர் எழுதி வைக்கத் தொடங்கினர். இச்செயல்முறைக்கு அரபு இரசவாத நூல்களில் தஸ்ஈத் என்று பெயர். அபூபக்ர் அர்ராஸீ (865–925) தமது கிதாபுல் அஸ்ராரில் இதற்கான கலங்களையும் முறைகளையும் விரிவாகக் கூறியிருக்கிறார். கருவி பழையது. அதில் இட்ட பொருளும் பழையது. இரண்டும் சேர்ந்து கிடைத்த வெண்படிகமே பென்சாயிக் அமிலம்.

1775இல் ஸ்வீடனின் மருந்தாளர் ஷீலே பிசினைச் சுண்ணாம்பு நீரில் கொதிக்க வைத்து, பின்னர் அமிலம் சேர்த்து அதே படிகத்தை எளிதாகப் பிரித்தார். 1832இல் லீபிக், வோலர் என்னும் இரு ஜெர்மானிய நண்பர்கள் கசப்பு வாதுமை எண்ணெயை ஆராய்ந்தபோது வியப்பான ஒன்றைக் கண்டனர். அந்த எண்ணெயை எத்தனை விதமாக மாற்றினாலும் உள்ளே ஓர் அணுக்கூட்டம் மட்டும் சிதையாமல் ஒரு சேர்மத்திலிருந்து மற்றொன்றுக்கு இடம் பெயர்ந்து கொண்டிருந்தது. பென்சாயிக் அமிலத்திலும் அதே கூட்டம்தான். அதற்கு பென்சாயில் என்று பெயரிட்டனர். அடுத்த ஆண்டில் மிட்செர்லிக் பென்சாயிக் அமிலத்தைச் சுண்ணாம்புடன் சேர்த்துக் காய்ச்சி வடித்து ஒரு நீர்மத்தைப் பெற்றார். அதை ஃபாரடே 1825இலேயே விளக்கு எரிவாயுவின் எண்ணெயிலிருந்து பிரித்திருந்தார் என்றாலும், பெயர் நிலைத்தது சாம்பிராணி வழியாகத்தான். அதன் வளைய அமைப்பை 1865இல் கெக்குலே முன்மொழிந்தார்.

இவ்வினத்து அமிலங்களை 'அரோமேட்டிக்', அதாவது நறுமண வகை என்று 1855இல் அழைத்தவர் ஹோஃப்மன். சாம்பிராணி, இலவங்கப்பட்டை, கசப்பு வாதுமை என்று அன்று அறிந்திருந்த மூலப்பொருள்கள் பலவும் மணமுள்ளவையாக இருந்தமையே காரணம். இன்று அச்சொல் மூக்கோடு தொடர்பற்றுப் போய்விட்டது. மணம் கமழும் கற்பூரம் வேதியியலின் கணக்கில் நறுமண வகையைச் சேர்ந்ததன்று. மணமே இல்லாத ஆஸ்பிரின் சேர்ந்தது. வழக்கில் ஒரு பொருளும் கலைச்சொல்லில் வேறு பொருளுமாக ஒரு சொல் பிரிவதை லுகத், இஸ்திலாஹ் என்று நம் ஆசிரியர்கள் வேறுபடுத்துவார்கள். இங்கும் அதுவே நிகழ்ந்தது.

இனிப் பேச வேண்டியது, 'பெறுதி' என்று வேதியியலார் கூறும் கருத்தைப் பற்றியது. பழைய மருத்துவர் ஒரு மூலிகையின் குறையை நீக்க விரும்பினால் அதனுடன் இன்னொரு சரக்கைச் சேர்ப்பார். காரமானதற்குக் குளிர்ச்சியானது, கசப்புக்குத் தேன். அக்ராபாதீன் நூல்கள் முழுவதும் இக்கலவை அறிவின் களஞ்சியங்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேதியியலார் செய்தது வேறு. அவர் பக்கத்தில் ஒன்றைச் சேர்க்கவில்லை. பொருளின் உடலுக்குள்ளேயே கை வைத்து ஓர் அணுக்கூட்டத்தை மாற்றினார். அரபு இலக்கணம் அறிந்தவர்க்கு இதை விளக்குவது எளிது. 'அலிம' என்றால் அறிந்தான். வேரெழுத்துக்கள் மூன்றும் அப்படியே இருக்க, நடுவெழுத்தை இரட்டித்தால் 'அல்லம', கற்பித்தான். முன்னே மூன்று எழுத்துக்களைச் சேர்த்தால் 'இஸ்தஃலம', விசாரித்தான். முஜர்ரத் ஒன்றுதான், மஸீதுகள் பல, பொருளோ ஒவ்வொன்றிலும் வேறு. பென்சாயிக் அமிலம் முஜர்ரத் என்று கொள்வோம். அதன் வளையத்தில் உரிய இடத்தில் ஒரு ஹைட்ராக்சில் சேர்ந்தால் சாலிசிலிக் அமிலம். அதன் மேல் ஓர் அசிட்டைல் சேர்ந்தால் ஆஸ்பிரின். அசிட்டைலுக்குப் பதிலாக வளையத்தின் வேறோர் இடத்தில் அமினோ சேர்ந்தால் காசநோய் மருந்து. ஓர் எழுத்து கூடியதும் 'அறிந்தான்' 'கற்பித்தான்' ஆனது போல, ஓர் அணுக்கூட்டம் கூடியதும் மருந்தின் இயல்பே மாறிவிடுகிறது. இந்த வேறுபாட்டை மறந்தால் வரலாற்றையும் தவறாகவே படிப்போம்.

தவறாகப் படிக்கும் போக்கு நம்மிடையே உண்டு. ஆஸ்பிரினை இப்னு சீனா அன்றே அறிந்திருந்தார் என்று சில மேடைகளில் கேட்கிறோம். அல்கானூனின் இரண்டாம் பாகம் தனிச் சரக்குகளை அகர வரிசையில் கூறுவது. அதில் கிலாஃப் என்ற தலைப்பில் ஆற்றலரி எனப்படும் வில்லோ மரம் இடம் பெற்றுள்ளது உண்மை. ஸஃப்ஸாஃப் என்ற பெயரிலும் அரபு மருந்து நூல்கள் அம்மரத்தைக் கூறும். அதன் ஓரினத்து மலரிலிருந்து வடிக்கும் பேத் முஷ்க் அரக் யூனானி மருந்தகங்களில் இன்றும் கிடைக்கிறது. எகிப்தியர், கிரேக்கர் காலத்திலிருந்து தொடர்ந்து வந்த அறிவு அது. அதைப் பேணி, ஒழுங்குபடுத்தி, விரிவாக்கித் தந்த பெருமை இஸ்லாமிய நாகரிகத்து மருத்துவர்களுக்கு நிச்சயம் உரியது. ஆனால் வில்லோ பட்டையில் ஆஸ்பிரின் இல்லை. இயற்கையில் எந்த மரத்திலும் அது மருந்தாக எடுக்கும்படி விளையவில்லை. பட்டையில் இருப்பது சாலிசின்; உடலுக்குள் சென்று அது சாலிசிலிக் அமிலமாக மாறுகிறது. அதற்கும் ஆஸ்பிரினுக்கும் இடையில் நின்ற ஓர் அணுக்கூட்டத்தைச் சேர்க்கும் வழியை அறிய 1853 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தப் பயணத்தைச் சற்று நின்று காண்பது தகும். இங்கிலாந்தில் சிப்பிங் நார்ட்டன் என்ற ஊரின் பாதிரியார் எட்வர்டு ஸ்டோன் 1763இல் ராயல் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். வில்லோ பட்டையைச் சுவைத்தபோது சிங்கோனா பட்டையின் கசப்பு நினைவுக்கு வந்தது என்கிறார். ஈர நிலத்தில் குளிர் காய்ச்சல் மிகுதி. அங்கேயே வில்லோவும் வளர்கிறது. நோய் இருக்குமிடத்துக்கு அருகிலேயே இறைவன் மருந்தையும் வைத்திருப்பான் என்பது அவரது துணிபு. பட்டையை அப்பம் சுடும் அடுப்பின் மேல் மூன்று மாதங்கள் உலர்த்திப் பொடித்து ஏறத்தாழ 50 பேருக்குக் கொடுத்துப் பயன் கண்டார். நோய்க்கு மருந்துண்டு என்ற நம்பிக்கை நமக்கும் உரியதே. ஆனால் அருகிலிருப்பதே மருந்து என்ற முடிவு அதிலிருந்து பெறப்படுவதில்லை. தவறான காரணம் சரியான பொருளிடம் கொண்டு சேர்த்த நிகழ்வுகளில் இதுவும் ஒன்று.

1828இல் மியூனிக்கில் பூக்னர் கசப்பான மஞ்சள் பொருளைப் பிரித்துச் சாலிசின் என்றார். மறு ஆண்டில் லெரூ அதைத் தூய படிகமாக்கினார். 1838இல் பாரீசில் இருந்த இத்தாலியர் பிரியா அதனை உடைத்துச் சாலிசிலிக் அமிலத்தைப் பெற்றார். மெடோஸ்வீட் என்னும் புல்வெளிச் செடியின் பூக்களிலும் அதே அமிலம் கிடைத்தது. அச்செடியின் பழைய இலத்தீன் பெயரான ஸ்பைரியா என்பதே ஆஸ்பிரின் என்ற பெயருக்குள் இருப்பது. 1874இல் கோல்பேயின் முறையைக் கொண்டு ட்ரெஸ்டன் அருகே ஹைடன் ஆலை, மரமும் பூவும் இன்றியே, ஃபீனாலிலிருந்து அமிலத்தை உற்பத்தி செய்யத் தொடங்கிற்று. விலை பெரிதும் குறைந்தது. 1876இல் மூட்டுவாதக் காய்ச்சலுக்கு டண்டீயில் மக்லகன் சாலிசினையும், பெர்லினில் மருத்துவர்கள் சாலிசிலிக் அமிலத்தையும் கொடுத்துக் குணம் கண்டனர். ஆனால் மருந்து நாவை வாட்டியது, வயிற்றைப் புண்ணாக்கியது, அதிக அளவில் காதிரைச்சல் உண்டாயிற்று. வலி தீர்க்கும் மருந்தே வலி தருவதாக இருந்தது.

அசிட்டைல் சேர்த்த வடிவத்தை ஜெரார் 1853இலேயே ஆக்கியிருந்தும் அது தூய்மையாக இல்லை. அவர் அதை மருந்தாகக் கருதவுமில்லை. 1897 ஆகஸ்டு 10ஆம் நாள் பேயர் நிறுவனத்தின் ஆய்வாளர் ஃபெலிக்ஸ் ஹோஃப்மன் தூய வடிவத்தை ஆக்கிய முறையைத் தம் குறிப்பேட்டில் எழுதினார். அடுத்த இரு வாரங்களுக்குள் அதே மனிதர் அதே அசிட்டைலை மார்ஃபினுடன் சேர்த்தார். கிடைத்தது ஹெராயின். இரண்டும் சந்தைக்கு வந்தன. நிறுவனத்தின் மருந்தியல் தலைவர் டிரெசர் தொடக்கத்தில் விரும்பியது ஹெராயினையே. ஆஸ்பிரின் இதயத்தைத் தளர்த்தும் என்பது அவரது ஐயம். ஒரே கை, ஒரே மாதம், ஒரே வினை. ஒன்று உலகெங்கும் வீடுதோறும் வைக்கும் மாத்திரை, மற்றொன்று இளைஞர்களின் அழிவு. அணுக்கூட்டத்துக்குத் தனக்கென ஒரு நற்குணமோ தீக்குணமோ இல்லை. எதன் மேல் ஏறுகிறதோ அதற்கேற்பவே அதன் பயன் அமைகிறது.

1899இல் ஆஸ்பிரின் என்ற பெயர் பதிவாயிற்று. அதைக் கண்டவர் யார் என்ற வினாவுக்கு ஹோஃப்மன் என்றே பாடநூல்கள் விடை கூறின. வாத நோயால் துன்புற்ற தந்தைக்காகவே அவர் அதை ஆக்கினார் என்ற கதை 1934இல் அச்சேறியது. அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்து ஓராண்டு கழிந்திருந்தது. ஹோஃப்மன் பணியாற்றிய அதே நிறுவனத்தில் ஆய்வை வழிநடத்தியவர்களுள் ஆர்தர் ஐக்கன்குருயின் என்ற யூத வேதியியலார் ஒருவர். 1941இல் மியூனிக்கின் ஜெர்மானிய அருங்காட்சியகத்தில் ஆஸ்பிரின் படிகங்களுக்குக் கீழே டிரெசர், ஹோஃப்மன் ஆகிய இருவர் பெயரும் எழுதப்பட்டிருந்ததையும், ஆரியர் அல்லாதார் நுழையத் தடை என்று வாயிலில் பலகை இருந்ததையும் பின்னர் அவர் எழுதினார். 1944இல் டெரசின் முகாமில் அடைக்கப்பட்டார். உயிர் தப்பி வந்து, 1949இல், தாம் இறந்த ஆண்டிலேயே, அம்மருந்தின் ஆக்கம் தமது திட்டப்படியும் வழிகாட்டுதலின்படியும் நிகழ்ந்தது என்று ஒரு கட்டுரையில் உரிமை கோரினார். அரை நூற்றாண்டு அதை எவரும் பொருட்படுத்தவில்லை. 2000ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து ஆய்வாளர் வால்டர் ஸ்னீடர் குறிப்பேடுகளை ஆராய்ந்து அவர் கூற்று ஏற்கத்தக்கதே என்று எழுதினார். நிறுவனம் அதை மறுத்தது. எனக்கு ஸ்னீடரின் வாதம் வலுவுடையதாகவே தோன்றுகிறது. நம் அறிஞர்களின் பெயர்களை மேற்குலகம் மறைத்தது என்று முறையிடும் நாம், மறைக்கப்பட்ட இந்தப் பெயரையும் கூற வேண்டும். ஹக்கு என்பது யாருக்குரியதோ அவருக்கே சேர வேண்டியது. அவர் எச்சமயத்தவர் என்று பார்த்துச் சேர்வதன்று.

ஆஸ்பிரின் எவ்வாறு வேலை செய்கிறது என்பது 1971இல்தான் தெரிந்தது. வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்களை உடல் ஆக்குவதை அது தடுக்கிறது என்று ஜான் வேன் லண்டனில் காட்டினார். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார். இங்கேதான் அசிட்டைலின் முழு மதிப்பு வெளிப்பட்டது. ஆஸ்பிரின் தன் மேலிருக்கும் அசிட்டைலைக் கழற்றி, புரோஸ்டாகிளாண்டினை ஆக்கும் நொதியின் மேல் ஒட்டிவிட்டுச் செல்கிறது. பூட்டில் முறிந்த சாவி போல அது அங்கேயே நிற்கிறது. பிற உயிரணுக்கள் புதிய நொதியை ஆக்கிக் கொள்ளும். இரத்தத் தட்டணுவுக்கு உட்கரு இல்லை. ஆகவே தன் எட்டு, பத்து நாள் வாழ்நாள் முழுவதும் அதனால் மீள முடியாது. இரத்தம் நாளத்துக்குள் உறைவது குறைகிறது. மாரடைப்பு வந்தவர்களுக்கு மருத்துவர் நாள்தோறும் சிறு அளவு ஆஸ்பிரின் தருவது இதனால்தான். (குருதிப் போக்கு அபாயமும் இதனாலேயே; மருத்துவர் கூறாமல் எவரும் அதைத் தொடர்ந்து உண்ணலாகாது.) சாலிசிலிக் அமிலத்துக்கு இந்த ஆற்றல் இல்லை, ஒட்ட வைக்க அதனிடம் அசிட்டைல் இல்லாததால். வில்லோ பட்டையை எவ்வளவு காய்ச்சிக் குடித்தாலும் இப்பயன் கிட்டாது. மூலிகையைப் போற்றுவதற்காகப் பெறுதியை அதனுள் ஏற்றிக் கூறுவது இரண்டையும் அறியாமையே.

காசநோய் மருந்தின் கதை சென்னைக்கு வருகிறது. 1940இல் அமெரிக்க ஆய்வாளர் பெர்ன்ஹைம், சாலிசிலிக் அமிலத்தைச் சேர்த்தால் காசநோய்க் கிருமி உயிர்க்காற்றை மிகுதியாக உட்கொள்வதைக் கண்டு எழுதினார். அச்செய்தியைப் படித்தோர் பலர். ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் யோர்கன் லேமன் அதிலிருந்து வேறொன்றைப் படித்தார். கிருமி இவ்வமிலத்தை உணவாகவோ எரிபொருளாகவோ பயன்படுத்துகிறது என்றால், ஏறத்தாழ அதே உருவமுடைய, ஆனால் சற்றே மாறிய ஒன்றைக் கொடுத்து அதை ஏமாற்ற முடியாதா? 1943 மார்ச்சில் ஃபெரோசான் என்ற மருந்து நிறுவனத்துக்கு அவர் கடிதம் எழுதினார். சாலிசிலிக் அமிலத்தின் வளையத்தில் இன்ன இடத்தில் ஓர் அமினோ வேண்டும் என்பதே வேண்டுகோள். எந்தக் கிருமியின் மேலும் சோதிக்கும் முன்பே, தாளின் மேல் வரைந்து கேட்ட மருந்து அது. பாரா அமினோ சாலிசிலிக் அமிலம், சுருக்கமாக பாஸ், 1944இல் நோயாளிக்குத் தரப்பட்டது. 1946இல் முடிவுகள் வெளிவந்தன. தனித்து அது வலுக்குறைந்ததே. ஆனால் ஸ்டிரெப்டோமைசினுடன் சேர்த்தால் கிருமி மருந்தை எதிர்க்கப் பழகுவதைத் தடுத்தது. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்தே காசநோயை எதிர்க்க வேண்டும் என்ற பாடம் அதிலிருந்து நிலைபெற்றது.

அன்றைய இந்தியாவில் காசநோயாளிக்கு உரிய இடம் சானட்டோரியம் என்பதே மருத்துவக் கொள்கை. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையத்துக்கு இன்றும் அப்பெயர் நிலைத்திருக்கிறது. படுக்கைகளோ நோயாளிகளின் தொகையோடு ஒப்பிட ஒன்றுமேயில்லை. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருத்துவ ஆய்வு மையத்தை நிறுவின. 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்குச் சானட்டோரியத்தில் ஓய்வும் நல்லுணவும். மற்றொரு பிரிவுக்கு நெரிசல் மிக்க குடியிருப்புகளில் தங்கள் வீட்டிலேயே வாழ்க்கை. இரு பிரிவுக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்து: ஐசோநயசிட்டும் பாசும். 1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியக்க வைத்தது. சானட்டோரியத்தில் 92 விழுக்காட்டினரும் வீட்டில் 86 விழுக்காட்டினரும் நோய் தணிந்தனர். வீட்டுப் பிரிவினருக்குத் தொடக்கத்திலேயே நோய் சற்று முற்றியிருந்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும். வீட்டிலிருந்தோரின் உறவினர்க்குத் தொற்று கூடுதலாகவும் இல்லை. குணமாக்கியது மலைக்காற்றும் முட்டையும் பாலும் அல்ல, மருந்துதான் என்பது நிலைநாட்டப்பட்டது. சானட்டோரியத்துக்குச் சென்றால் பிழைப்பும் குடும்பமும் சிதறும் என்று அஞ்சி நோயை மறைத்து வந்த ஏழைகளுக்கு இதன் பொருள் என்னவென்று கூற வேண்டியதில்லை.

பாஸ் உண்பது எளிதன்று. நாளொன்றுக்குப் பல கிராம். குமட்டலும் வயிற்றுப்போக்கும் துணை வரும். வீட்டில் கொடுத்ததை நோயாளி உண்டாரா, கூரையில் செருகினாரா என்பதை எப்படி அறிவது? சென்னை ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர். சாலிசிலிக் இனத்துச் சேர்மம் இருந்தால் பெரிக் குளோரைடு கலந்தவுடன் நிறம் மாறும். பிரியாவின் காலத்து அமிலத்தின் இயல்பு சென்னைச் சேரியில் சாட்சி சொன்னது. பின்னாளில் ரிஃபாம்பிசின் போன்றவை வந்ததும் பாஸ் பின்வரிசைக்குச் சென்றது. பல மருந்துகளுக்கும் அடங்காத காசநோய்க்கு இன்றும் அதைக் கையாளுகின்றனர். அந்த மையம் 2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று அழைக்கப்படுகிறது.

ஏனைய பெறுதிகளைச் சுருங்கக் கூறி அமைவோம். கொக்கெயினும் பென்சாயிக் அமிலத்தின் ஒரு பெறுதியே. அதில் அந்தப் பகுதியைப் பிடித்துக் கொண்டு எஞ்சியதை மாற்றியமைத்து, அடிமைப்படுத்தாமல் மரத்துப்போகச் செய்யும் நோவகெயினை ஐன்ஹார்ன் 1905 வாக்கில் தந்தார். பல் மருத்துவர்கள் நெடுங்காலம் அதையே ஊசியில் ஏற்றினர். நம் முன்னோர் கிதாபுகளைப் படியெடுக்க மை காய்ச்சிய மாசிக்காயை அரபியில் அஃப்ஸ் என்பர். அதிலுள்ள காலிக் அமிலத்தை 1786இல் பிரித்தவரும் ஷீலேயே. அவ்வமிலத்தின் வளையத்தில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று ஆக்சிஜன்களை மூடி, வேறொரு வளையத்துடன் இணைத்தால் டிரைமெத்தோபிரிம். சிறுநீர்த் தொற்றுக்கு இன்றும் எழுதப்படும் மருந்து. மை எழுதிய பொருளிலிருந்து மருத்துவச் சீட்டில் எழுதப்படும் பொருள். இன்றைய ஆய்வகங்களில் சின்னமிக், ஃபெருலிக், காஃபிக் அமிலங்களுக்கும் இவ்வாறே நூற்றுக்கணக்கில் பெறுதிகள் ஆக்கப்படுகின்றன. கிண்ணத்தில் கிருமியைக் கொல்பவை பல. மனித உடலில் பயன் தருபவை மிகச் சில. இதழ்களில் வரும் ஒவ்வோர் ஆய்வையும் புதிய மருந்து வந்துவிட்டது என்று செய்தியாக்குவது பொருந்தாது.

மனித உடலே ஒரு பெறுதியை ஆக்கும் செய்தி ஒன்று எஞ்சியிருக்கிறது. பென்சாயிக் அமிலத்தை உண்டால் அது எங்கே போகிறது? 1841இல் லண்டன் மருத்துவர் அலெக்சாண்டர் யூர், அது சிறுநீரில் ஹிப்பூரிக் அமிலமாக வெளியேறுவதைக் கண்டார். லீபிக் 1829இல் குதிரையின் சிறுநீரில் கண்டு பெயரிட்ட அமிலம் அது. மறு ஆண்டில் வோலரின் ஆய்வகத்தில் கெல்லர் என்பவர் பென்சாயிக் அமிலத்தை இரவில் தாமே உட்கொண்டு, காலைச் சிறுநீரில் தேடி அதனை உறுதி செய்தார். கிளைசின் என்னும் அமினோ அமிலத்தைப் பென்சாயிக் அமிலத்தின் மேல் ஏற்றி, கரையும் வடிவமாக்கி உடல் வெளியே தள்ளுகிறது. இதனால் கீல்வாதத்துக்குக் காரணமான யூரிக் அமிலம் குறையும் என்று யூர் நம்பினார். அது பொய்த்தது. கண்டுபிடிப்பு பயனற்ற விந்தையாக ஏடுகளில் கிடந்தது.

பிறக்கும்போதே சில குழந்தைகளுக்கு யூரியாவை ஆக்கும் நொதிகளில் ஒன்று இருப்பதில்லை. பால் குடித்த இரண்டு மூன்று நாட்களில் அம்மோனியா இரத்தத்தில் ஏறி மூளையைத் தாக்கும். குழந்தை மயங்கி இறந்துவிடும். பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் குறை ஒன்றுசேரும்போது இவ்வகை நோய்களில் பெரும்பாலானவை தோன்றுவதால், நெருங்கிய உறவில் தொடர்ந்து மணம் செய்யும் குடும்பங்களில் இவை கூடுதலாகக் காணப்படுகின்றன. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சால் புருசிலோ 1979-80இல் அந்தப் பழைய கண்டுபிடிப்பை நினைவு கூர்ந்தார். யூரியாவின் வழி அடைபட்டால் நைட்ரஜன் வெளியேற வேறு வழி வேண்டும். கிளைசினில் ஒரு நைட்ரஜன் உண்டு. சோடியம் பென்சோயேட்டைக் கொடுத்தால் அது ஒவ்வொரு கிளைசினாகப் பிடித்துக்கொண்டு சிறுநீரில் இறங்கும். கொடுத்தார், அம்மோனியா தணிந்தது, மயங்கிய குழந்தைகள் விழித்தன. சோடியம் பென்சோயேட்டும் சோடியம் ஃபீனைல் அசிட்டேட்டும் சேர்ந்த ஊசி மருந்துக்கு 2005இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஒப்புதல் அளித்தது. இன்று அதற்கான பென்சாயிக் அமிலம் சுமத்ராவிலிருந்து வருவதில்லை. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் டொலுவினைக் கொண்டு ஆலைகளில் ஆக்கப்படுகிறது. மருந்துக் குப்பியின் மேலுள்ள பெயரில் மட்டும் லுபானின் பாவும் நூனும் இருக்கின்றன.